எஞ்சின் பழகும் பிள்ளைக்கு ஒப்பந்தம் எங்கே? தொழிற்பயிற்சியில் பிற நாடுகளும் எமது புத்தளக் கரையும்

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் எமது ஊர்களில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் முகநூலை நிரப்பும். பாடசாலைக்கு முன்னால் பதாகை கட்டப்படும். தனவந்தர் ஒருவர் மடிக்கணினி பரிசளிப்பார். அல்ஹம்துலில்லாஹ், நல்ல விடயம். பாராட்டப்பட வேண்டிய பிள்ளைகள் பாராட்டப்படத்தான் வேண்டும். ஆனால் அதே வகுப்பில் அதே வாங்கில் இருந்து, உயர்தரத்துக்குத் தகுதி பெறாமல் போன பிள்ளை அன்று மாலை எங்கே போனான் என்று யாரும் தேடுவதில்லை.

நான் கற்பிட்டிக் குடாநாட்டில் பல வருடங்கள் ஆசிரியராகவும் பின்னர் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பாகவும் இருந்தவன். அந்தப் பிள்ளை எங்கே போகிறான் என்று ஓரளவு சொல்ல முடியும். கற்பிட்டி, கண்டக்குழிப் பக்கம் என்றால் வாப்பாவின் போட்டில் அல்லது சம்மாட்டி ஒருவரின் வாடியில். ஆலங்குடா, நுரைச்சோலை, ஏத்தாளைப் பக்கம் என்றால் வெங்காயம், பீற்றூட் தோட்டத்தில். புத்தளம் நகரம், தில்லையடி, பாலாவி என்றால் கடை, முச்சக்கரவண்டி, உப்பளம். தெற்கே முந்தல், சிலாபம் பக்கம் போனால் இறால் பண்ணை. சிலர் கராஜிலோ வெல்டிங் கடையிலோ சேர்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் கடவுச்சீட்டு எடுத்துக் கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறார்கள். போகும்போது விசாவில் இருக்கும் தொழில் பெரும்பாலும் லேபர் அல்லது ஹெல்பர்.

இதைப் பேசத் தொடங்கினாலே கூட்டங்களில் ஒரு பதில்தான் வரும்: "எங்களுக்கு ஒரு தொழிற்பயிற்சி நிலையம் வேண்டும்." அரசியல்வாதிகளும் அதையே வாக்குறுதியாகத் தருகிறார்கள், ஏனெனில் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டலாம், பெயர்ப்பலகை திறக்கலாம். தொழிற்கல்வியில் உண்மையாகவே வெற்றி கண்ட நாடுகளைப் பார்த்தால் வேறொரு விடயம் தெரிகிறது. அங்கே பயிற்சியின் பெரும்பகுதி தொழில் நடக்கும் இடத்திலேயே நடக்கிறது. வேலை கொடுப்பவர் கற்பிக்கிறார், செலவில் பங்கேற்கிறார், பரீட்சைச் சபையிலும் அமர்கிறார். எமது கரையில் இல்லாதது அந்தப் பிணைப்புத்தான்.

முதலில், எம்மிடம் ஏற்கனவே இருப்பதைப் பார்ப்போம். கற்பிட்டியில் போட் எஞ்சின் திருத்தும் கடைகள் உள்ளன. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் அங்கே போய்ச் சேர்வான். சேர்வதென்றால் ஒரு கடிதமும் இல்லை. வாப்பா போய் பாஸிடம் "இவனையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வார், அவ்வளவுதான். முதல் வருடம் சாவி எடுத்துக் கொடுப்பது, பாகங்களை எண்ணெயில் கழுவுவது, தேநீர் வாங்கி வருவது. இரண்டாம் வருடம் புரொப்பலர் கழற்றுவான், கியர் எண்ணெய் மாற்றுவான், உப்புத்தண்ணீர் அரித்த பாகத்தை அடையாளம் காண்பான். நான்காம் வருடத்தில் யமஹா எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவான். மிகையாகச் சொல்லவில்லை, அப்படிப் பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

அதே பிள்ளையிடம் வயரிங் வரைபடத்தைக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. மல்டிமீற்றரில் என்ன அளக்கிறோம் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் புதிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வந்தால் பாஸே தடுமாறுகிறார். நாளுக்குக் கிடைப்பது கைச்செலவு. எப்போது அவன் பயிற்சி முடித்தவனாகிறான் என்பதற்கு ஒரு நாளும் குறிக்கப்படவில்லை. ஐந்தாம் வருடத்திலும் அவன் "கடைப் பொடியன்" தான். விரல் நசுங்கினால் வைத்தியச் செலவு பாஸின் மனதைப் பொறுத்தது. வெளிநாட்டு முகவரிடம் போய் "எஞ்சின் வேலை தெரியும்" என்றால், "காகிதம் எங்கே?" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே எம்மிடம் பயிலுனர் முறை இருக்கிறது. காலம், கூலி, பாடம், பரீட்சை என்ற நான்கும் அதில் இல்லை. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இதே நிலைதான். தச்சரிடமும் கொல்லரிடமும் பிள்ளைகளை ஒப்படைத்து வேலை பழக்கினார்கள். ஜேர்மனி அந்தப் பழைய முறையைக் கைவிடாமல் அதற்குச் சட்டம் போட்டது.

ஜேர்மனியின் முறையை இரட்டைப் பயிற்சி முறை என்பார்கள். பிள்ளை வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் ஒரு நிறுவனத்தில் வேலை பழகுகிறான்; ஒன்று அல்லது இரண்டு நாட்கள் தொழிற் பாடசாலைக்குப் போகிறான். சில தொழில்களில் பாடசாலை நாட்களைச் சேர்த்துத் தொடர்ச்சியாகச் சில வாரங்கள் வைப்பதும் உண்டு. பெரும்பாலான தொழில்களுக்குக் காலம் மூன்று அல்லது மூன்றரை வருடம். இப்படி அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் சுமார் 325 இருக்கின்றன.

இதுவரை சொன்னது எல்லாக் கட்டுரைகளிலும் வரும். கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் ஒழுங்கு. 1969 ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டப்படி நிறுவனமும் பயிலுனரும், பயிலுனர் வயது குறைந்தவர் என்றால் பெற்றோரும் சேர்ந்து ஒப்பந்தம் கையெழுத்திட வேண்டும். என்ன தொழில், எத்தனை காலம், நாளுக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கொடுப்பனவு, எத்தனை நாள் விடுமுறை என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த ஒப்பந்தம் வர்த்தகக் கைத்தொழில் சம்மேளனத்தில் அல்லது கைவினைஞர் சம்மேளனத்தில் பதிவாக வேண்டும். கொடுப்பனவை நிறுவனம் கொடுக்கிறது, தொழிற் பாடசாலையின் செலவை அரசு ஏற்கிறது. 2020 முதல் கொடுப்பனவுக்குச் சட்டப்படியான அடிமட்ட அளவும் வந்தது. அந்த வருடம் சேர்ந்தவர்களுக்கு முதலாம் வருடத்தில் மாதம் 515 யூரோ. பயிற்றுவிப்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது, கற்பிக்கத் தெரிந்தவர் என்பதற்கான தகுதியும் அவருக்கு இருக்க வேண்டும். பயிலுனர் தான் பழகியவற்றை ஒரு பதிவேட்டில் தொடர்ந்து எழுதிவர வேண்டும். கடைசிப் பரீட்சையைச் சம்மேளனம் நடத்துகிறது. பரீட்சைச் சபையில் தொழில் வழங்குனர் தரப்பு, தொழிலாளர் தரப்பு, தொழிற் பாடசாலை ஆசிரியர் மூவரும் இருப்பார்கள். பாஸ் தன்னுடைய பொடியனுக்குத் தானே சான்றிதழ் எழுதிக் கொடுக்க முடியாது.

ஒரு முதலாளி ஏன் இந்தச் சுமையை ஏற்கிறார்? அங்கேயும் எல்லோரும் ஏற்பதில்லை. ஐந்து நிறுவனங்களில் ஒன்றுதான் பயிலுனரை எடுக்கிறது. எடுப்பவர்களின் கணக்கு எளிது: முதல் வருடம் செலவு, இரண்டாம் மூன்றாம் வருடங்களில் பயிலுனரின் வேலையிலேயே அதில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. முடிவில் தன் கடையின் பழக்கவழக்கம் தெரிந்த ஒரு தொழிலாளி கிடைக்கிறார், வெளியே தேடி அலைய வேண்டியதில்லை.

இங்கே எமக்கு முக்கியமான ஒரு விடயம் உண்டு. ஜேர்மனி என்றவுடன் பென்ஸும் சீமென்ஸும் எமது நினைவுக்கு வருகின்றன. "அந்த மாதிரிக் கம்பனிகள் எங்களிடம் இல்லையே" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஆனால் ஜேர்மனியில் ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் பேக்கரியும் தண்ணீர்க்குழாய் வேலைக் கடையும் வாகன கராஜும் பயிலுனரை எடுக்கின்றன. அந்தச் சிறிய கடைகளில் எல்லா இயந்திரமும் இருக்காது, எல்லா வகை வேலையும் வராது. அதற்காகக் கைவினைஞர் சம்மேளனங்கள் பொதுவான பயிற்சிக்கூடங்களை வைத்திருக்கின்றன. பல கடைகளின் பயிலுனர்கள் வருடத்தில் சில வாரங்கள் அங்கே வந்து, தம் கடையில் பழக முடியாததைப் பழகிப் போகிறார்கள். தனித்தனியாக முடியாத சிறியவர்கள் சேர்ந்து செய்கிறார்கள். கற்பிட்டியின் எஞ்சின் கடைகளுக்குப் பொருந்தும் ஜேர்மனி இதுதான், பென்ஸ் அல்ல.

சுவிட்சர்லாந்தும் ஏறத்தாழ இதே முறைதான். அங்கே பள்ளிப் படிப்பின் அடுத்த கட்டத்துக்கு வரும் இளைஞர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்வியைத் தெரிவு செய்கிறார்கள். பெற்றோர் ஏன் அஞ்சுவதில்லை என்றால், பயிலுனராக இருந்துகொண்டே அல்லது அதை முடித்தபின் தொழில்சார் உயர்தரச் சான்றிதழ் எடுத்துப் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம். யூபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகி சேர்ஜியோ எர்மொட்டி பதினைந்து வயதில் லுகானோ நகரில் ஒரு வங்கியில் பயிலுனராகத் தொடங்கியவர். எமது பெற்றோரிடம் "கராஜுக்குப் போனாலும் பின்னர் பட்டம் எடுக்கலாம்" என்று சொன்னால் சிரிப்பார்கள். இலங்கையிலும் அதற்குச் சட்டப்படி வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சிங்கப்பூர் வேறு பாதையில் போனது. அங்கே 1992 இல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் என்ற ஐடிஈ உருவானது. படிப்பில் பின்தங்கியவர்கள் போகும் இடம் என்று பெயர் எடுத்ததால், ஐடிஈ என்பதற்கு "இட்ஸ் தி எண்ட்", அதாவது எல்லாம் முடிந்தது என்று மக்களே விளக்கம் வைத்தார்கள். அரசாங்கம் பெருந்தொகைப் பணத்தைக் கொட்டி மூன்று பெரிய வளாகங்களைக் கட்டியது. உண்மையான ஹோட்டல் சமையலறை, விமானப் பாகங்கள் என்று உள்ளேயே வேலைத்தளத்தை உருவாக்கியது. பெயர் மெல்ல மாறியது. தென்கொரியாவும் 2010 இல் 21 மைஸ்டர் உயர்நிலைப் பாடசாலைகளைத் திறந்தது. மைஸ்டர் என்ற சொல் ஜேர்மனியில் தேர்ந்த தொழில் வல்லுனரைக் குறிப்பது. கல்விக் கட்டணமில்லை, பாடத்திட்டத்தில் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. இவை பணமும் உறுதியும் உள்ள அரசுகளின் வழி. எமது திறைசேரியின் நிலை தெரிந்தவர்கள் இதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

எமக்கு நெருக்கமான உதாரணம் எகிப்து. 1990களில் ஜேர்மனியின் உதவியுடன் அங்கே இரட்டைப் பயிற்சி முறை தொடங்கப்பட்டது. இரு நாட்டுத் தலைவர்களின் பெயரால் முபாரக் – கோல் திட்டம் என்று அழைக்கப்பட்டது. கெய்ரோவுக்கு அருகிலுள்ள ரமழான் 10 நகரத்தில் அது ஆரம்பமானது. (1973 ஆம் ஆண்டுப் போர் தொடங்கிய ஹிஜ்ரித் திகதியின் பெயரால் அமைந்த தொழிற்சாலை நகரம் அது.) தொழில்நுட்பப் பாடசாலை மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் பாடசாலையிலும் நான்கு நாள் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். எகிப்தில் ஜேர்மனியைப் போன்ற பழைமையான கைவினைஞர் சம்மேளனங்கள் இல்லை. அதனால் அந்தந்தத் தொழிற்சாலை நகரத்தின் முதலீட்டாளர் சங்கங்களே நடுவில் நின்று, எந்தத் தொழிற்சாலையில் எத்தனை இடம் என்று பார்த்து, பாடசாலைக்கும் தொழிற்சாலைக்கும் பாலமாக இருந்தன. சம்மேளனம் இல்லாத இடத்தில் இருக்கின்ற சங்கத்தை வைத்து வேலையைத் தொடங்கினார்கள். இந்த யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துருக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எமது மக்களிடம் துருக்கி என்றால் தனி மதிப்பு. அங்கே தொழிற்கல்வி நிலையங்கள் 2016 இல் கட்டாயக் கல்விக்குள் கொண்டுவரப்பட்டன. பிள்ளை வாரத்தில் ஒரு நாள் வகுப்பில், நான்கு நாள் வேலைத்தளத்தில். அடிப்படைச் சம்பளத்தின் 30 வீதமாவது கொடுக்க வேண்டும். பின்னர் அந்தப் பணத்தையும் அரசே பொறுப்பேற்றது. மாணவர் எண்ணிக்கை பன்மடங்காகியது. கூடவே பயிற்சி என்ற பெயரில் போன பிள்ளைகள் வேலைத்தள விபத்துகளில் இறந்த செய்திகளும் வந்தன. இது மலிவான சிறுவர் உழைப்பு என்று அங்குள்ள ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் குரல் எழுப்பினார்கள். முதலாளிக்கு ஒரு சதமும் செலவில்லை, கற்பித்தாரா என்று பார்ப்பவரும் குறைவு என்றால் பயிலுனர் முறை எங்கே போய் முடியும் என்பதை அது காட்டுகிறது. எமது ஊரில் எஞ்சின் கடைக்கோ வெல்டிங் கடைக்கோ பிள்ளையை அனுப்பும் எந்த ஏற்பாட்டிலும் இந்த அச்சத்தை முதலில் மேசையில் வைக்க வேண்டும். இலங்கையில் 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்த முடியாது. 18 வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தவும் முடியாது. சட்டம் நல்லது. வாடிகளில் அதை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

இனி எமது நாட்டுக்கு வருவோம். ஜேர்மன் முறை இலங்கைக்குப் புதிதல்ல. மொரட்டுவையில் இருக்கும், எல்லோரும் "ஜேர்மன் டெக்" என்று அழைக்கும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் 1959 இல் தொடங்கியது. அரசாங்கம் பஸ் சேவையை அப்போதுதான் தேசியமயமாக்கியிருந்தது. போக்குவரத்துச் சபையின் பஸ்களைப் பராமரிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒரு தொழில் வழங்குனரின் தேவையில் பிறந்த பயிற்சி நிறுவனம் என்பதால்தான் அதற்கு இன்றும் மதிப்பிருக்கிறது என்பது என் எண்ணம். 2016 இல் கிளிநொச்சியிலும் ஜேர்மன் உதவியுடன் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது.

1971 இல் தேசிய பயிலுனர் சட்டம் வந்தது. அதன் வழி வந்ததுதான் இன்றைய நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. பயிலுனரை நிறுவனத்தில் இணைத்து ஒப்பந்தத்துடன் பயிற்றுவிப்பதே அதன் அடிப்படை வேலை. 1990 இல் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டம், 1995 இல் தொழிற்பயிற்சி அதிகாரசபைச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. பின்னர் என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமை முறை வந்தது. அதில் ஏழு மட்டங்கள். நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம். இரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. மேலே வருகிறேன் என்று சொன்னது இதைத்தான்: கராஜ் பிள்ளை நான்காம் மட்டம் எடுத்தால் டிப்ளோமாவுக்கும் அங்கிருந்து பட்டத்துக்கும் வழி காகிதத்தில் திறந்தே இருக்கிறது.

பாடசாலைக்குள்ளும் ஒரு முயற்சி நடந்தது. 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வி என்ற திட்டம் 2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கியது. சாதாரண தரத்தில் என்ன பெறுபேறு எடுத்திருந்தாலும் பிள்ளை தரம் 12, 13 இல் தொழிற் பாடங்களைக் கற்கலாம். யோசனை மிகவும் நல்லது. நடைமுறையில் நான் கண்ட சிக்கல் இரண்டு. ஒன்று, அந்த வகுப்புக்குப் போகும் பிள்ளையை உயர்தர வகுப்புப் பிள்ளைகளும், சொல்லக் கூசுகிறது, சில ஆசிரியர்களும் இரண்டாம் தரமாகப் பார்ப்பது. இரண்டு, பயிற்சிக்கு அனுப்ப இடம் தேடும் பொறுப்பு தனி ஒரு ஆசிரியரின் தலையில் விழுவது. அவர் தன் மோட்டார் சைக்கிளில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். ஹோட்டல் ஒன்றில் ஒரு முகாமையாளர் ஒத்துக்கொண்டால், அவர் மாறிப் போனதும் இடம் போய்விடும். ரமழான் 10 நகரத்தில் முதலீட்டாளர் சங்கம் செய்த வேலையை இங்கே ஒரு ஆசிரியர் செய்கிறார்.

மொழிப் பிரச்சினையை விட முடியாது. எமது மாவட்டத்தில் பயிற்சிநெறி இருக்கிறது என்று சொல்லப்படும் பல இடங்களில் போதனாசிரியர் சிங்களத்தில் மட்டுமே கற்பிப்பார். சிங்களம் பேசத் தெரிந்த பிள்ளைக்கும் மின்சுற்றைச் சிங்களத்தில் எழுதிப் பரீட்சை எடுப்பது வேறு விடயம். முதல் மாதத்திலேயே எமது பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். பின்னர் "முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கையில் எழுதப்படும். கடையில் பழகும் பயிற்சிக்கு இந்த இடத்தில் ஒரு அனுகூலம் உண்டு: பாஸ் தமிழில்தான் சொல்லிக் கொடுக்கிறார்.

புத்தளக் கரையில் தொழில் வழங்குனர்கள் இல்லையா? இருக்கிறார்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாற் லக்விஜய அனல்மின் நிலையம். பாலாவியில் சீமெந்து ஆலை. அது சுற்றுவட்டார இளைஞர்களுக்கென ஒரு தொழிற்பயிற்சித் திட்டத்தையும் நடத்தியிருக்கிறது. மாம்புரியிலும் களப்புக் கரையிலும் 2010 முதல் காற்றாலைகள். உப்பளங்கள், இறால் பண்ணைகள். கற்பிட்டியில் மே முதல் ஒக்டோபர் வரை காற்றுப் பட்ட அலைச்சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டவரை நம்பிய விடுதிகள், மற்றக் காலத்தில் டொல்பின் பார்க்க ஓடும் போட்டுகள். எண்ணிக்கையில் இவை எல்லாவற்றையும் விஞ்சி நிற்பவை இருவர் மூவர் வேலை செய்யும் சிறிய கடைகள்.

பெரிய நிறுவனங்களுக்கு அழுத்தம் வேறு வகையில் வர வேண்டும். இந்தியாவில் முப்பது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் தன் ஆளணியில் 2.5 முதல் 15 வீதம் வரை பயிலுனர்களை எடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் அதைப் போன்ற ஒன்றைக் கேட்கலாம். கேட்கட்டும். சிறிய கடைகளில் தொடங்க பாராளுமன்றம் தேவையில்லை.

எனது யோசனை ஒரு தொழிலை மட்டும், ஒரு ஊரில் மட்டும் எடுப்பது. கற்பிட்டியில் போட் எஞ்சின் திருத்தல். நான்கு கடைகள், கடைக்கு இரண்டு பிள்ளைகள்.

முதல் வேலை பிள்ளைகளுக்கல்ல, பாஸ்மாருக்கு. என்.வி.கியூ முறையில், ஏற்கனவே அனுபவத்தால் பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சாதாரண தரம் சித்தி தேவையில்லை. செய்த வேலைகளின் ஆதாரங்களைக் கோவையாகச் சேர்த்து நைட்டாவிடமோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிடமோ விண்ணப்பித்தால், பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் செயல்முறையில் பார்ப்பார். இருபது வருடமாக எஞ்சின் திருத்தும் மனிதர் கையில் ஒரு காகிதம் வரும். இதைப் பலரிடம் சொன்னபோது "இந்த வயதில் எனக்கு எதற்கு?" என்றுதான் கேட்டார்கள். தனக்குத் தேவையில்லை என்றாலும், தகைமையுள்ள ஒருவரின் கீழ் பழகினான் என்று நாளை தன் பொடியன் சொல்ல அது தேவை.

அடுத்து ஒப்பந்தம். நைட்டாவின் பயிலுனர் ஒப்பந்தத்தின் கீழ் பிள்ளைகளைப் பதிவு செய்ய வேண்டும். காலம், நாட்கொடுப்பனவு, வகுப்புக்கு விடும் நாள், விபத்துக்கான காப்புறுதி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எமது வணக்கஸ்தலங்களில் நிக்காஹ்வை இரு சாட்சிகளுடன் எழுதுகிறோம், காணி வாங்கினால் உறுதி எழுதுகிறோம். நான்கு வருட இளமையை மட்டும் வாய்ச்சொல்லில் கொடுக்கிறோம்.

பாடத்துக்கு, வாரத்தில் ஒரு பிற்பகல் பாடசாலையின் தொழில்நுட்ப ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்தால் போதும். விஞ்ஞான ஆசிரியர் மின்னும் வெப்பமும் கற்பிப்பார், ஆங்கில ஆசிரியர் எஞ்சின் கைநூலை வாசிக்கப் பழக்குவார். புதிய எஞ்சின்களைக் கடைகள் பழக்க முடியாது. அதற்கு நீர்கொழும்பில் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. வருடத்தில் இரண்டு வாரம் எட்டுப் பிள்ளைகளையும் அங்கே அனுப்புவது பெரிய செலவல்ல. ஜேர்மனியின் பொதுப் பயிற்சிக்கூடத்துக்கு எமது பதில் அது. சம்மேளனத்தின் இடத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து ஒரு சிறு குழுவை வைக்கலாம். பிள்ளை கற்கிறானா, தேநீர் மட்டும் வாங்குகிறானா என்று மாதம் ஒருமுறை கடைக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்ப்பதே அதன் வேலை. பள்ளிவாசல் நிர்வாகமும் ஊர்த் தனவந்தர்களும் பதாகைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைக் கருவிப்பெட்டிகளுக்கும் பஸ் செலவுக்கும் கொடுக்கலாம். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைக்குத் தொழிற்கருவி வாங்க ஸகாத் நிதியைப் பயன்படுத்துவது பற்றி உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்பயிற்சி என்றால் தையலும் கேக் ஐசிங்கும் என்று நாம் நிறுத்திவிடுகிறோம். ஜேர்மனியில் இளம் பெண்கள் அதிகம் தெரிவு செய்யும் பயிலுனர் தொழில்களில் ஒன்று வைத்தியரின் சிகிச்சை நிலைய உதவியாளர். பாமசி, பல் வைத்திய நிலையம், கணக்காய்வாளர் அலுவலகம், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பிரிவு எல்லாம் புத்தளம் நகரத்தில் இருக்கின்றன. வீட்டிலிருந்து போய் மாலையில் திரும்பலாம். ஹோட்டல் துறைக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரின் காரணங்கள் எனக்கு விளங்குகின்றன, அதை வாதிட்டு மாற்றத் தேவையில்லை. விடுதிகளின் குளிரூட்டி, மின்சாரம், போட் சேவை போன்ற பின்னணி வேலைகளிலும் தொழில் நிறைய உண்டு.

வளைகுடா கனவு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். சவூதி அரேபியா 2021 முதல் தொழிலாளர்களின் திறனை அவர்களது சொந்த நாட்டிலேயே பரீட்சித்து எடுக்கும் திட்டத்தை நடைமுறைப்படுத்தி வருகிறது. இலங்கையும் அதில் அடங்குகிறது. மின்சாரம், குழாய் வேலை, வாகனத் திருத்தல் போன்ற தொழில்களில் காகிதமும் கைத்திறனும் இரண்டும் கேட்கப்படும் காலம் வந்துவிட்டது. ஹெல்பர் விசாவுக்கும் மெக்கானிக் விசாவுக்கும் உள்ள சம்பள வித்தியாசத்தை, ஊருக்கு விடுமுறையில் வந்திருக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, இதைத் தொடங்க நினைக்கும் சகோதரர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பாஸ்மாரைக் கூட்டத்துக்கு அழைப்பதானாலும் பிள்ளைகளுக்கு வகுப்பு நாள் குறிப்பதானாலும் வெள்ளிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்க்கவும். வெள்ளியன்று எமது போட்டுகள் கடலுக்குப் போவதில்லை, ஞாயிறன்று கத்தோலிக்க சகோதரர்களின் போட்டுகள் போவதில்லை. கரையில் நிற்கும் எஞ்சின்களெல்லாம் அந்த இரண்டு நாட்களில்தான் கடைக்கு வரும், பிள்ளைகள் அதிகம் பழகுவதும் அன்றுதான். செவ்வாய்க்கிழமை பிற்பகல் சரியாக இருக்கும்.